இந்திரவல்லியின் அண்ணன்

1930 அக்டோபர் 14, செவ்வாய். மாயவரம்.

காலையில் ரயிலடிக்குப் போய்ப் படப்பெட்டிகளை இறக்கிக்கொண்டு வந்தோம். ஒன்பது ரீல். ‘இந்திரவல்லி அல்லது விட்டில் விளக்கு.’ மெட்ராஸ் கம்பெனி ஒன்று எடுத்த படம். துலா மாதம் பிறக்கப் போகிறது, காவிரியில் முழுக்குப் போட வரும் கூட்டமெல்லாம் நம் கொட்டகைக்குத்தான் என்று முதலாளி கோதண்டபாணிக்கு ஒரே குதூகலம்.

படம் ஊமை. வாய் என்னுடையது. நான்கு வருஷமாக இந்தக் கொட்டகையில் திரைக்கு இடது பக்கம் நின்றுகொண்டு, இவன் இன்னான், இவள் அழுவது இதற்காக என்று எண்ணூறு பேருக்குக் கேட்கும்படி கதை சொல்லி வருகிறேன். வலது பக்கம் ஹார்மோனியத்தோடு குஞ்சிதபாதம் உட்கார்ந்திருப்பான். நாடகக் கம்பெனி நாளிலிருந்தே நாங்கள் ஜோடி.

மத்தியானம் கதவுகளைச் சாத்திவிட்டு ஒத்திகைக்காக ஓட்டிப் பார்த்தோம். முதல் ரீலில் ஒருத்தி மாடிப்படியில் இறங்கி வந்தாள். பாதிப் படியில் நின்று தலையைச் சாய்த்துச் சிரித்தாள். ‘மிஸ் இந்துமதி’ என்று எழுத்து விழுந்தது.

இந்துமதியாம். அது அபரஞ்சி. என் கூடப் பிறந்த தங்கை.

குஞ்சிதபாதத்தின் கை ஒரு நொடி நின்றது. பிறகு வாசித்துக்கொண்டே போனான். முடிந்து கதவைத் திறந்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இந்த ஊரில் அவள் யார் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்காரியும்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் என் வீட்டை விட்டு ஓடிப்போனவள். செத்திருப்பாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். ‘நிம்மதியாக’ என்பதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும். அது நிஜம்தான்.

அக்டோபர் 15, புதன்

அடுப்புக்கு விறகு ஈரம். தையல்நாயகி புகையில் இருமிக்கொண்டே என்ன படம் என்று கேட்டாள். எவளோ பம்பாய்க்காரி நடித்தது என்று சொன்னேன்.

சாயங்காலம் முதல் ஆட்டம். கதை இதுதான். இந்திரவல்லி என்ற வேசி, பங்களாவில் வாசம். ஜெயச்சந்திரன் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை அவளிடம் மயங்கி, பதிவிரதையான மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வருகிறான். அப்பன் அந்த ஏக்கத்திலேயே சாகிறான். சொத்து கரைந்ததும் அவள் இவனைத் துரத்திவிட்டு ஒரு ஜமீன்தாரைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு அவளுக்கு வைசூரி வருகிறது. முகம் போகிறது. ஒருகாலத்தில் காலில் விழுந்து கிடந்தவர்களின் வீடு வீடாகப் போய்த் தட்டுகிறாள். எல்லாக் கதவும் சாத்தப்படுகின்றன. குளத்துப் படிக்கட்டில் விழுந்து சாகிறாள். ஜெயச்சந்திரன் திருந்தி மனைவியோடு சேர்கிறான்.

நான் பேசினேனே, இந்த நான்கு வருஷத்தில் அப்படிப் பேசியதில்லை. ‘பாருங்கள் தாய்மார்களே, இந்தச் சிரிப்பைப் பாருங்கள், எத்தனை குடும்பத்தின் தாலியை அறுத்த சிரிப்பு’ என்று ஆரம்பித்தேன். வார்த்தை தானாக வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. அவள் குளத்துப் படியில் விழுந்ததும், ‘அழாதீர்கள், யாரும் அழாதீர்கள், இவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் அது உங்கள் வீட்டுக்குத் தோஷம்’ என்றேன். தரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவன் திரையின் மேல் மண்ணை வாரி வீசினான்.

கோதண்டபாணி என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எங்கேயிருந்து வந்தது இத்தனை கோபம் என்று கேட்டார். கதையில் இருக்கிறதைத்தானே சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 18, சனி

துலா மாதம் பிறந்துவிட்டது. ஊர் கொள்ளவில்லை. மூன்று மணிக்கு ஒன்று, ஆறரைக்கு ஒன்று என்று இரண்டு ஆட்டம். தொண்டைக்குச் சித்தரத்தை. கொட்டகை வாசலில், ‘தில்லைநாயகம் விளக்கம் சொல்லும் இந்திரவல்லி’ என்று என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவன் ‘ல்லை’யைக் கோணலாக எழுதியிருக்கிறான்.

அக்டோபர் 20, திங்கள்

குரல் போய்விட்டது. ஆனாலும் இரண்டு ஆட்டமும் திட்டினேன்.

அக்டோபர் 23, வியாழன்

தையல்நாயகி நேற்று மூன்று மணி ஆட்டத்துக்கு, என்னிடம் சொல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்ப் பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்திருக்கிறாள். இன்று காலை இலை போடும்போதுதான் சொன்னாள்.

பம்பாய்க்காரியா என்று கேட்டாள். ரசத்தை ஊற்றினாள். என்னென்ன வார்த்தை சொன்னீர்கள் என்று கேட்டாள். ஒவ்வொன்றாக அவளே திருப்பிச் சொன்னாள். அவள் வாயில் அந்த வார்த்தைகளை இதுவரை நான் கேட்டதில்லை. நிறுத்தச் சொன்னேன். எண்ணூறு பேருக்கு முன்னால் நிறுத்தவில்லையே, என் ஒருத்திக்கு முன்னால் ஏன் நிறுத்த வேண்டும் என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஓடிப்போனவளுக்கு என்னடி பரிவு என்று கத்தினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஓடினாளா? தாழ்ப்பாள் போட்டது யாரு?”

இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். பத்து வருஷம் குடும்பம் நடத்தி என்ன பிரயோஜனம். சொந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்ன முடியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கொள்ளிடத்தில் வெள்ளம் என்று பேச்சு. கூட்டம் குறையவில்லை.

குஞ்சிதபாதம் இந்திரவல்லி வரும்போதெல்லாம் ஒரு கேலி மெட்டு வாசிக்கிறான். கூத்தில் கோமாளி ஆட்டத்துக்கு வாசிப்பார்களே, அது மாதிரி. ஜனங்கள் சீட்டியடிக்கிறார்கள். இன்று காப்பி கிளப்பில் நாலு பேரை வைத்துக்கொண்டு, இந்த ஜாதிப் பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும், ஒருத்தி என்னையே வலை போட்டுப் பிடிக்கப் பார்த்தாள், ஆண்டவன் புண்ணியத்தில் தப்பித்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அடுத்த மேஜையில் இருந்தேன். என்னைப் பார்த்தே சொன்னான். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவன் சொல்வதில் தப்பு என்ன? அன்றைக்கும் அதைத்தான் சொன்னான். நடந்ததை எழுதி வைக்கிறேன். சிதம்பரத்தில் நாங்கள் இருந்தபோது, என் பாட்டுகளை ஒத்திகை பார்க்க அவன் வீட்டுக்கு வருவான். அபரஞ்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. பெற்றவர்கள் இல்லை. என் பொறுப்பில் இருந்தவள். அவளுக்கும் நாலு பாட்டுச் சொல்லிக் கொடுத்தான். அவனுக்குச் சீர்காழியில் பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் பல்லைக் காட்டினாள். மூன்று மாசம் என்று ஒரு நாள் வந்து நின்றாள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள்தான் வந்து கையைப் பிடித்தாள் என்றான். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? சிநேகிதன்.

அக்டோபர் 30, வியாழன்

குழாயடியில் நடந்தது. தண்ணீர் பிடிக்க நின்ற ஒரு பெண், பதினாறு வயது இருக்கும், வரிசையில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடைத் திண்டில் உட்கார்ந்திருந்த தடியன்களில் ஒருவன் குரலை உயர்த்தி, ‘பாருங்கள் தாய்மார்களே, இந்தச் சிரிப்பைப் பாருங்கள்’ என்றான். என் குரல். என் ஏற்ற இறக்கம் அப்படியே. மற்றவர்கள் ‘இந்திரவல்லி, இந்திரவல்லி’ என்று கூவினார்கள். அந்தப் பெண் குடத்தைப் பாதி நிரம்பியதும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பிறகு என்னைப் பார்த்துவிட்டார்கள். மரியாதையாக எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

நவம்பர் 1, சனி

ஆறரை ஆட்டத்தில் தரையில் இருந்த ஒருவன் தட்டியைத் தாண்டிப் போய்த் தன் பெண்சாதியை அறைந்தான். படத்தைப் பார்த்து அவள் அழுதாளாம். அழுதால் தோஷம் என்று விளக்கக்காரர் சொல்லவில்லையா என்று கேட்டு அறைந்தான். கொட்டகை சிரித்தது. குஞ்சிதபாதம் அதற்கும் ஒரு மெட்டு வாசித்தான்.

நவம்பர் 5, புதன்

மழை. மூன்று மணி ஆட்டத்துக்குக் கூட்டம் வரத் தாமதமானது. எட்டாவது ரீலைச் சுற்றும்போது எங்கோ அறுந்துவிட்டதாம், ஒட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று காலிக் கொட்டகையில் ஓட்டிப் பார்த்தார்கள். வைசூரி முகத்தோடு அவள் கதவைத் தட்டும் இடம். நானும் குஞ்சிதபாதமும் எங்கள் எங்கள் இடத்தில் இருந்தோம். அவன் வெற்றிலை மென்றுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதே முகந்தான், தில்லை,” என்றான். “அன்னிக்கு மழையில என் ஜாகைக்கு வந்து நின்னாளே, இதே முகந்தான். கட்டிக்கச் சொல்லல்ல, பாரு. வந்து அண்ணன்கிட்ட நிசத்தை ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அது போதும்னு சொன்னா.”

என்ன நிஜம் என்று கேட்டேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியம். “உனக்குத் தெரியாததா? தெரிஞ்சுதானே ரெண்டு பேரும் கப்பல் ஏறினோம்.”

அப்புறம் ஜனங்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் கதை சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

நவம்பர் 6, வியாழன். விடியற்காலை.

தெரியும். எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்கு வந்த நாட்களில் அவள் அடுக்களைக்குள் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள். பாட்டு வேண்டாம் என்று இரண்டு தரம் என்னிடம் சொன்னாள். வித்தையை மதிக்கத் தெரியவில்லையே என்று அவளைக் கடிந்துகொண்டேன். நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து ஹார்மோனியத்துக்கு முன்னால் உட்கார வைத்தேன். உட்கார வைத்துவிட்டு வெளியே போவேன்.

கம்பெனி கொழும்புக்குக் கப்பலேற இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்கு ராஜபார்ட். எனக்குச் சுருதி நிற்காது. குஞ்சிதபாதத்தின் கை இல்லாவிட்டால் என்னால் ஒரு பாட்டைக் கரை சேர்க்க முடியாது. கம்பெனி முழுக்க அது தெரியும். அவனைப் பகைத்துக்கொண்டால் எனக்குக் கொழும்பு இல்லை, ராஜபார்ட் இல்லை. அதனால்தான் நம்பினேன். நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

‘நீ சிரிச்சிருப்பே’ என்று அவளிடம் சொன்னேன். அவர் வாயாலேயே நிஜத்தைச் சொல்ல வைக்கிறேன் என்று மழையில் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் தாழ்ப்பாள் போட்டேன். கதவைத் தட்டினாள். அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டாள். தையல்நாயகி எழுந்து ஓடினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ‘ஐயோ, என் கை, விடுங்க’ என்று தெருவுக்குக் கேட்கும்படி அவள் கத்தியும், தட்டுவது நிற்கிறவரை பிடித்திருந்தேன். மறுநாள் அவள் கை வீங்கியிருந்தது.

ஓடிப்போனாள் என்று ஊருக்குச் சொன்னவன் நான். ஆறு வருஷத்தில் எனக்கே அது நிஜமாகிவிட்டது. நாய்கூடத் தான் கக்கினதை அடையாளம் கண்டுகொள்ளும்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டு நாளாகத் திட்டும் இடங்களில் சும்மா நிற்கிறேன். இந்திரவல்லி மாடிப்படியில் இறங்கி வருகிறாள், அவ்வளவுதான் சொல்கிறேன். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று தரையிலிருந்து கேட்கிறார்கள். கோதண்டபாணி கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா, மாசக் கடைசியில் கடைமுகம் வரைக்கும் தாக்குப்பிடி, அப்புறம் ஓய்வெடுத்துக்கொள் என்றார். அந்தத் தாலி அறுத்த சிரிப்பு வசனம் இல்லாமல் படம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதாம். சரி என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்றுக் கடைமுகம். துலா மாதத்தின் கடைசி முழுக்கு. மூன்று மணி ஆட்டத்துக்கே கொட்டகையில் மூச்சுவிட இடமில்லை. ஈரத் துணியும் திருநீறுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

முன்கூட்டி யோசித்து வைத்துக்கொண்டு செய்யவில்லை. மாடிப்படியில் அவள் வந்து நின்று சிரித்தாள். குஞ்சிதபாதம் கேலி மெட்டை எடுத்தான். சீட்டி கிளம்பியது. அந்த மெட்டைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. மெட்டை நிறுத்து என்று உரக்கச் சொன்னேன். கதையின் பகுதி என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

அதே படத்துக்கு வேறு கதை சொன்னேன். இவள் வேசி இல்லை, ஒரு நாடகக்காரனின் தங்கை என்றேன். இந்த ஜெயச்சந்திரன் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வீட்டுக்கு வந்தவன் என்றேன். அவன் அவள் காலில் விழும் இடத்தில், பாருங்கள், வெளியே சொல்லாதே என்று கெஞ்சுகிறான் என்றேன். நாற்காலியில் இருந்த படித்தவர்கள், எழுத்தில் அப்படி இல்லையே என்று கூச்சல் போட்டார்கள். தரை அவர்களை அடக்கியது. தரைக்கு எழுத்து தெரியாது, என் குரல்தான் தெரியும். தட்டிக்குப் பின்னால் ஒரு கிழவி, ‘அப்படிச் சொல்லு’ என்றாள்.

எட்டாவது ரீல் வந்தது. அவள் முதல் கதவைத் தட்டினாள். இது அவளைக் கெடுத்தவனின் ஜாகை என்றேன். கதவு சாத்தப்பட்டது. அடுத்த கதவைத் தட்டினாள்.

“இது அவ அண்ணன் வீடு,” என்றேன். “தாழ்ப்பாள் போட்டவன் பேர் தில்லைநாயகம். அது நான்தான். திரையில நிக்கிறவ என் தங்கச்சி. அவளைக் கெடுத்தவன் அதோ, ஹார்மோனியம் வாசிக்கிறான்.”

ஹார்மோனியம் நின்றது. கொட்டகையில் படம் ஓடும் கடகட சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கோதண்டபாணி கத்தினார், படத்தை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள்.

குஞ்சிதபாதம் பின்வாசல் வழியாகப் போனான். துரத்திக்கொண்டு போனேன். நான்தான் முதலில் கை வைத்தேன். இரண்டு நரைமுடிக்காரர்கள் சேற்றில் புரள்வதை, முழுக்குக்கு வந்த ஜனம் இலவசமாகப் பார்த்தது. அவன் பல் ஒன்று போயிற்று. என் விலாவில் இன்னும் வலி இருக்கிறது. அடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அவனை அடித்தேனா என்னையே அடித்தேனா என்பதெல்லாம் நாடக வசனம். அவனைத்தான் அடித்தேன்.

வேலை போய்விட்டது. என் பெயர் எழுதிய பலகையை மாலைக்குள் கழற்றிவிட்டார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

கும்பகோணத்திலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறரை ஆட்டத்தில் அவன் போடும் சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. இந்திரவல்லி பழையபடி வேசியாகிவிட்டாள், பழையபடி சாகிறாள்.

நவம்பர் 24, திங்கள்

மெட்ராஸுக்குப் போகிறேன். தையல்நாயகிதான் பட கம்பெனி விலாசத்தைக் கொட்டகைச் சுவரொட்டியிலிருந்து எழுத்துக் கூட்டிப் பார்த்து எழுதி வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம், எப்படி இருக்கிறாள் என்று பார்க்கப் போங்கள் என்றாள். இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை என்றாள்.

ஊர் முன்னால் என் மானத்தை நானே ஏலம் விட்டிருக்கிறேன். எத்தனை அண்ணன்களுக்கு அந்தத் தைரியம் வரும்? அதை அவளிடம் சொல்வேன். அவள் அழுவாள். நானும் அழுவேன்.

நவம்பர் 27, வியாழன். மெட்ராஸ்.

புரசவாக்கத்தில் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. பட கம்பெனி வாசலில் ஒருவன் அடையாளம் சொன்னான். காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரையில் பார்ப்பதைவிட ஒல்லி. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த புடவையை உதறி, கொடியில் போட்டு, இரண்டு முனையையும் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“வாங்க,” என்றாள். “உக்காருங்க.”

பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் கொடுத்த மரியாதை செருப்படி மாதிரி விழுந்தது.

காப்பி கொடுத்தாள். தையல்நாயகியைப் பற்றிக் கேட்டாள், அவள் கை அப்புறம் சரியாயிற்றா என்று கேட்டாள். நான் கடைமுகத்தன்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். தெரியும் என்றாள். கோதண்டபாணி அன்றைக்கே பட கம்பெனிக்கு எழுதிவிட்டாராம், உங்கள் நடிகையின் அண்ணனால் என் கொட்டகை கலவரமாகிவிட்டது, அவள் கதை இன்னது என்று. கம்பெனியார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். அடுத்த படத்தில் அவளுக்குப் பதிவிரதை வேஷம் என்று முடிவாகியிருந்தது. மூன்று வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த வேஷம். இப்போது அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் தெரிந்துபோன பிறகு உன்னைப் பதிவிரதையாகக் காட்டினால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்றார்களாம். மறுபடியும் தாசி வேஷம்தான்.

அப்புறம், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, குழந்தை என்று ஆரம்பித்தேன்.

“பொண்ணு. பதினோரு நாள் இருந்தா.”

அவள் அழவில்லை. நான் அழுதேன். அதைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் இறுகியது.

“இப்படித்தான் அங்கேயும் அழுதீங்களா?” என்று கேட்டாள். “ஒரு மாசம் எண்ணூறு பேருக்கு என்னை வேசின்னு சொன்னீங்க. அப்புறம் ஒரு நாள் எண்ணூறு பேருக்கு என்னைக் கெட்டுப்போனவள்னு சொன்னீங்க. ரெண்டு தரமும் ஜனம் உங்களைத்தான் பார்த்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, உன் கதையை நான் சொல்லலாமான்னு?”

உன் மேல் பழி இல்லை என்று உலகத்துக்குத் தெரிய வேண்டாமா என்றேன்.

அது எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தேன் என்றாள். ஆறு வருஷமாக இந்த ஊரில் தன்னை யாரும் பாவம் என்று பார்த்ததில்லையாம். வேலைக்குப் போகிறாள், வாடகை கட்டுகிறாள், வேஷம் கட்டுகிறாள். நேற்றைக்குக் கம்பெனியில் மேக்கப் போடுகிறவன் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினானாம். அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தாளாம்.

நான் எழுந்தேன். அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள் மாதிரி இருந்தது.

“படத்தை ஒரு மாசம் பார்த்தீங்களே,” என்றாள். “நான் எப்படி நடிச்சிருந்தேன்?”

ஒத்திகையன்று தங்கை முகத்தைப் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. அதன் பிறகு ஐம்பது ஆட்டத்துக்கு மேல், திரைக்குப் பக்கவாட்டில், ஜனங்கள் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லா முகமும் நீண்டு கோணலாகத் தெரியும். நன்றாக நடித்திருந்தாய் என்று சொன்னேன். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

நவம்பர் 28, வெள்ளி

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் ‘இந்திரவல்லி’ இன்னும் ஓடுகிறது. மூன்று மணி ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நேர் நடுவில் உட்கார்ந்தேன்.

இந்த ஊர் விளக்கக்காரனுக்கு என்னைவிடப் பெரிய தொண்டை. என் வசனங்களையே சொல்கிறான். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போயிருக்கின்றன பாருங்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவன் கடலையைத் தின்றுகொண்டே அவளைத் தேவடியாள் என்றான். அவன் சட்டையைப் பிடிக்கக் கை எழுந்தது. பிடித்தால் மறுபடியும் ஜனம் என்னைத்தான் பார்க்கும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். விளக்கக்காரன் கத்தினான். சீட்டியடித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை மட்டும் பார்த்தேன். ஒன்பது ரீலும் பார்த்தேன்.

நவம்பர் 29, சனி. எழும்பூர் ரயிலடி.

அவளுக்கு ஒரு கார்டு போட்டேன். முதலில் எழுதிய மூன்று கார்டுகளையும் கிழித்துவிட்டேன். அவற்றில் எல்லாம் நான்தான் இருந்தேன். நாலாவதில் எழுதியது இவ்வளவுதான்:

‘நேற்று உன் படத்தைப் பார்த்தேன். ஆறாவது ரீலில் ஜமீன்தார் அட்டிகையைக் கழுத்தில் போடும்போது நீ சிரித்துக்கொண்டே, அவன் பார்க்காத பக்கத்துக் கையால் நாற்காலிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறாய். எழுத்தில் அது இல்லை. விளக்கக்காரனும் சொல்லவில்லை. நீயாகச் செய்தது என்று நினைக்கிறேன். அந்த இடம் ரொம்ப நன்றாக இருந்தது. கடைசி ரீலில் விழுவது கொஞ்சம் அவசரம்.’